தப்பான பலகையில் ஒரு கதவு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்தபோது, பெண் மீன் தொட்டிக்கு மேலே ஒரு மரப்பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பட்டுப்புடவை இல்லை. பூ இல்லை. அப்பாவின் பழைய டி-ஷர்ட். தலை முழுக்க மரத்தூள். முழங்கை வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்.

பெட்டியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? நான்தான். பெண்ணைப் பெற்றவள்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம்? கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் மகள் பவித்ரா கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். குவாலிட்டி பிரிவு. தயாராகி வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அனுப்புவது, இல்லாவிட்டால் திருப்புவது. விடியும்போது திருவள்ளூரில் எங்கள் மணவாள நகர் முனையில் கம்பெனி பஸ் ஏறினால், இருட்டும்போதுதான் வருவாள். வந்ததும் எங்களைப் பார்க்க மாட்டாள். நேராக ஹாலில் இருக்கும் மீன் தொட்டிக்குப் போவாள். 'சாப்டீங்களா?' என்று கேட்பாள். மீன்களைத்தான்.

அந்தத் தொட்டியில் ஒரு கௌராமி. நீல நிறத்தில், பக்கவாட்டில் தட்டிவிட்டது போல் தட்டையான மீன். அடியில் நூல் மாதிரி இரண்டு மீசை. அந்த மீசையால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பவித்ரா கண்ணாடியில் விரலை வைத்தால் அங்கே வந்து நிற்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். செருப்பு ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து துடைப்பத்தோடு ஏதோ வந்தது. பிளாஸ்டிக் கவர் துண்டு என்று நினைத்து முறத்தில் தள்ளப் போனேன். அது வாயைத் திறந்து மூடியது.

நான் போட்ட சத்தத்தில் பவித்ரா ஓடி வந்தாள். கையை நனைத்துக்கொண்டு மீனை அள்ளித் தொட்டியில் விட்டாள். அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கண்ணாடியோடு ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டாள். கம்பெனி பஸ் போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து மீன் ஒரு மீசையை அசைத்தது. அப்புறம் மெதுவாக நிமிர்ந்தது.

கௌராமியால் வெளிக்காற்றையும் கொஞ்சம் சுவாசிக்க முடியும், அதனால்தான் பிழைத்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வேறு மீனாக இருந்தால் அவ்வளவுதான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் — தொட்டிக்கு ஒரு கேனோபி கட்டுவது என்று.

"மூடிதானே?" என்று கேட்டேன்.

"மூடி குழம்புக்கும்மா. இது கேனோபி."

அதாவது, தொட்டியின் தலைமேல் தொப்பி மாதிரி உட்காரும் மரப்பெட்டி. அடிப்பக்கம் திறந்திருக்கும். மேல்பக்கம் கீல் போட்ட கதவு. உள்ளே லைட். மீன் துள்ளினாலும் வெளியே விழாது, வெளிச்சமும் நம் கண்ணில் அடிக்காமல் தண்ணீருக்குள் மட்டும் இறங்கும். கடையில் ரெடிமேடாக வாங்கக் கூடாதா? எங்கள் தொட்டி ஒரு தினுசான அளவு. எதுவும் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்பது என் சந்தேகம்.

மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கும்மிடிப்பூண்டி ஃபேக்டரிகளுக்கு வெளிநாட்டு மெஷின்கள் பெரிய பெரிய மரக் கூண்டுகளில் வருகின்றன. மெஷின் உள்ளே போனதும் கூண்டைப் பிரித்துப் பலகையாக வெளியே விற்றுவிடுகிறார்கள். பைன் மரம். எந்த ஊர் மலையில் வளர்ந்ததோ... கம்பெனி பஸ்ஸில் பவித்ராவின் காலடியில் படுத்துக்கொண்டு மணவாள நகருக்கு வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் லீவு நாளெல்லாம் மொட்டைமாடியில் சத்தம்தான். இழைத்தாள், தேய்த்தாள், ஒட்டினாள், ஸ்க்ரூ போட்டாள். வீடு முழுக்கப் பைன் வாசனை. துணி காயப் போட மேலே போனால் வேலை வாங்காமல் விட மாட்டாள். என் கணவர் குணசேகர் வார நாளெல்லாம் சென்னைக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டே போய் வருகிறவர். ஞாயிற்றுக்கிழமையாவது உட்காரலாம் என்று நினைத்தவரைப் பலகையின் மேல் உட்கார வைத்தாள் — அசையாமல் இருக்க.

பெட்டிக்கு உள்பக்கம் தண்ணீர் ஊறாத வெள்ளைப் பெயின்ட். வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் முழுசாகக் கீழே திரும்புமாம். வெளிப்பக்கம் வார்னிஷ். அலுமினியப் பட்டையில் எல்.இ.டி. லைட். வயர் பிளக்குக்குப் போகும் முன்னால் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். இதையெல்லாம் நான் வெண்டைக்காய் நறுக்கும்போது சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு கேனோபி கட்டிவிடுவேன்.

இந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக அந்த வரன் வந்தது. பையன் பெயர் லோகேஷ். ஆரம்பாக்கத்துப் பக்கம். நெல் விவசாயக் குடும்பம், சொந்த நிலம். பையன் கும்மிடிப்பூண்டியில் வேறொரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான், லீவு நாளில் வயலில் நிற்கிறான் என்றார்கள்.

பவித்ரா பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதான் கடைசிம்மா. இதுக்கப்புறம் ஒரு வருஷம் என்னக் கேக்கக் கூடாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே சில பேர் வந்து பார்த்தாயிற்று. 'தகவல் சொல்றோம்' என்று போனவர்களின் தகவலுக்காக இரவில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். காபியைக் குடித்துவிட்டு, வேலையை எப்போது விடுவாள் என்று கேட்டவர்களும் உண்டு.

இதில் அவளுக்குப் பிடிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. 'ரெண்டு பேரும் தனியா பேசிட்டு வாங்க' என்று பால்கனிக்கு அனுப்புவோமே, அது.

நம் வீடுகளில் இதை எவ்வளவு பெரிய முற்போக்காக நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலம் முழுக்கச் சேர்ந்து வாழப் போகிற இருவருக்குப் பத்து நிமிஷம். அதிலும் ஜன்னல் வழியாகப் பெரியம்மா எட்டிப் பார்ப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் என்னதான் பேசுவார்கள்? போன முறை வந்த பையன், உங்கள் ஹாபி என்ன என்று கேட்டிருக்கிறான். மீன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். வறுவலா குழம்பா என்று கேட்டிருக்கிறான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சாயந்திரம் நான்கு மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. அதனால், முந்தின ராத்திரி தேய்த்துப் பெயின்ட் அடித்த கோலத்தோடு, காலையிலேயே கேனோபியைத் தொட்டிமேல் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவதாகப் பவித்ரா சொன்னாள். அரை மணி நேர வேலை. அவளும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி மெல்ல இறக்கினார்கள். பாதியில் நின்றுவிட்டது.

தொட்டிக்குப் பின்னால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டர் தொங்குகிறது. அதற்கு முந்தின வாரம்தான் பழையதை மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தாள். பழையதைவிடக் கொஞ்சம் உயரம். அதன் தலை பெட்டியின் பின்பலகையில் இடித்துச் சிக்கிக்கொண்டது. பெட்டி கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. விட்டால் கண்ணாடி உடையும். கண்ணாடி உடைந்தால் தண்ணீர், மீன், ஹால், எல்லாம் ஒன்றாகிவிடும்.

அப்போதுதான் என் கணவரின் போன் அடித்தது. நான் எடுத்தேன். பையனின் அப்பா. அமாவாசைக்காகக் காலையிலேயே திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்கு வந்தார்களாம். நினைத்ததைவிடச் சீக்கிரம் தரிசனம் முடிந்துவிட்டதாம். திரும்பவும் ஆரம்பாக்கம் போய் வருவதென்றால் நாள் முழுக்க அலைச்சல். அதனால் நேராக இங்கேயே வந்துவிட்டார்களாம்.

எங்கே வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

வாசலில் நிற்கிறோம் என்றார்.

கேட்டைத் திறக்க என் கணவர்தான் போனார். அவர் பிடித்திருந்த முனை என் கைக்கு வந்தது. அப்படித்தான் நான் அங்கே நின்றேன்.

முதலில் பையனின் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். அடுத்து அவன் அம்மா சரோஜா, கையில் பிரசாதப் பை. கடைசியாக லோகேஷ். மூன்று பேரும் ஹாலில் அப்படியே நின்றார்கள். வாங்க என்று சொல்லத்தான் நினைத்தேன். கைவலியில் 'ஐயோ' என்றுதான் வந்தது.

லோகேஷ் நேராக வந்து, என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, அந்த முனையை வாங்கிக்கொண்டான்.

"எதுல மாட்டியிருக்கு?" என்று பவித்ராவிடம் கேட்டான். பெண் பார்க்க வந்த பையன் பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவளும் வெட்கப்படவில்லை. வெட்கப்பட நேரமில்லை. ஃபில்டரில் மாட்டியிருக்கிறது, என் பக்கம் சாய்த்தால் வந்துவிடும், நான் சொல்லும்போது தூக்குங்கள் என்றாள். சொன்னாள். தூக்கினான். பெட்டி வெளியே வந்தது. ஹாலில் எல்லோரும் ஒன்றாக மூச்சுவிட்டோம்.

இத்தோடு பெட்டியை மூலையில் வைத்துவிட்டு, பவித்ரா போய்க் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தால், இதையெல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன். நானும் அதைத்தான் கண்ணால் சொன்னேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பிரச்சினையை விளக்கிக்கொண்டிருந்தாள். ஃபில்டர் வரும் இடத்தில் பின்பலகையின் கீழ்விளிம்பில் ஒரு சதுரம் வெட்டி எடுத்தால் போதும், உட்கார்ந்துவிடும்.

"நான் வெட்டட்டுங்களா? மாட்டுக் கொட்டாயிக்கு ஜன்னலு நான்தான் வெட்னேன்" என்றான்.

பவித்ரா அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். ஃபேக்டரியில் அவள் பாகங்களைப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மரம் அறுக்கும் மெஷினை எடுத்துக் கொடுத்து, அளவைச் சொல்லிவிட்டு, ஃபில்டரைக் கழற்றத் தொட்டிக்குப் போய்விட்டாள்.

அவன் பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்தான். மூலைமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து வெட்டினான். அவன் அப்பாவும் என் கணவரும் சோபாவில் மழை, மின்சாரம் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் காபி போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாம் சரியாகிக்கொண்டு வருவது போல் இருந்தது.

மெஷின் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே பவித்ரா போய்ப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவ்வளவு நேரான வெட்டு. பிசிறே இல்லை. வெட்டிய சதுரத் துண்டு முழுசாகத் தனியே கிடந்தது.

"இது முன்பக்கம்" என்றாள் பவித்ரா.

கவிழ்த்துத் திருப்பியதில் முன்னது பின்னதாகிவிட்டது. ஹாலுக்குள் வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படப்போகிற, அவள் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வார்னிஷ் அடித்த பலகை. அதன் கீழ்விளிம்பில், நட்ட நடுவில், ஒரு ஓட்டை.

சோபாவில் மழைப் பேச்சு நின்றது. சரோஜா எழுந்துவிட்டார். "இன்னாடா பண்ணி வெச்சிக்கினு குந்தினுகிற? வந்த ஊட்ல..."

எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும் என்றே நினைத்தேன். எத்தனை ஆண்களைப் பார்த்திருக்கிறோம். 'மார்க் பண்ணி வெச்சிருக்கணும்' என்பார்கள். 'ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா எப்படித் தெரியும்?' என்பார்கள். கடைசியில் பலகைதான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

லோகேஷ் பெட்டியைப் பார்த்தான். அப்புறம் அவளை நேராகப் பார்த்தான்.

"ஆமாங்க. தப்பா வெட்டிட்டேன். திருப்பும்போது உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும், கேக்கல. இப்ப இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னான். முகம் சிவந்திருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. அங்கேயே குந்தியிருந்தான்.

பவித்ராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெட்டிய துண்டை எடுத்தாள். ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். அழப் போகிறாளா, கத்தப் போகிறாளா?

சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என் மகள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"வெட்டு சரிதாங்க. எடம்தான் தப்பு" என்றாள். "எங்கிட்ட ஒரு கீல் மிச்சம் இருக்கு."

அவன் ஒரு நொடி யோசித்தான். "மீனுக்குத் தீனி போடக் கதவா?"

"ஆமா. இல்லன்னா ஒவ்வொரு வேளையும் மேல இருக்கற பெரிய கதவத் தூக்கணும். இது எனக்கே தோணல."

அப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வெட்டிய துண்டையே அந்த ஓட்டைக்குக் கதவாக்கி, அவள் பிடிக்க, அவன் ஸ்க்ரூ முடுக்கினான். அடுத்து நிஜமான பின்பக்கத்தை வெட்ட வேண்டும். இந்தத் தடவை அவன் மெஷினைத் தொடவே பயந்தான். இதுதானே பின்பக்கம் என்று பவித்ராவைக் கேட்டான். என்னைக் கேட்டான். தன் அப்பாவிடம், "நைனா, நீயும் பாத்துச் சொல்லு" என்றான். அவர் எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, அப்படித்தான் தெரிகிறது என்றார்.

சரோஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. பிரசாதப் பையைப் பிரித்தார். கோயில் குங்குமத்தை விரலில் தொட்டு, பின்பலகையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இங்க வெட்டுடா. பொட்டு தெரியுதா?"

பொட்டுக்கு நடுவில் வெட்டினான்.

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தொட்டிமேல் இறக்கினார்கள். இந்தத் தடவை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பவித்ரா என்னை ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொன்னாள். ஹால் இருண்டது. சுவிட்சைப் போட்டாள்.

இத்தனை நாளும் அந்தத் தொட்டியை டியூப் லைட்டில்தான் பார்த்திருக்கிறேன். மங்கலாக, எப்போதும் கொஞ்சம் அழுக்காக. இப்போது தண்ணீருக்குள் மட்டும் விடிந்தது. செடிகளின் பச்சை, கூழாங்கல்லின் ஒவ்வொரு கோடு, இலையில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழி... எல்லாம் தெரிந்தது. கௌராமி ஒரு செடிக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது. அதன் உடம்பில் அப்படி ஒரு நீலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மீசையை நீட்டி வெளிச்சத்தையே தொட்டுப் பார்ப்பது போல் பார்த்தது.

லோகேஷ் குனிந்து அந்தச் சின்னக் கதவைத் திறந்தான். பவித்ரா தீனியை அவன் உள்ளங்கையில் கொட்டினாள். அவன் போட்டான். மீன் மேலே வந்தது.

காபி ஆறிப்போயிருந்தது.

எனக்குத்தான் திடீரென்று கடமை ஞாபகம் வந்தது. ரெண்டு பேரும் தனியாக ஏதாவது பேச வேண்டுமானால்... என்று இழுத்தேன்.

"அதான் பேசிட்டோமே" என்றாள் பவித்ரா. அவன் தலையாட்டினான்.

சரோஜா என் பக்கம் திரும்பினார். வந்ததிலிருந்து கொஞ்சம் விறைப்பாக இருந்த முகம் இப்போது தளர்ந்திருந்தது. தொட்டியின் வெளிச்சம் அவர் மூக்குத்தியில் அடித்தது.

"மீனுக்குப் பந்தல் போட்டாச்சி. புள்ளைங்களுக்கு எப்ப போடலாம்னு நீ சொல்லு, தங்கச்சி."

என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியை அப்படித் துடைத்தால் அதற்குக் காரணம் தூசி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சாயந்திரத்துக்கென்று செய்ய வைத்திருந்த எதுவும் செய்யப்படவில்லை. சாம்பார், வெண்டைக்காய், அப்பளம். பவித்ரா கடைசி வரைக்கும் அந்த டி-ஷர்ட்டை மாற்றவில்லை.

பாத்திரம் கழுவும்போது அவளிடம் கேட்டேன். இப்படி ஒரே நாளில் சரி என்று சொல்லிவிட்டாயே, அவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

"தப்பு பண்ணா எப்படி இருப்பாருன்னு தெரியும்மா. மிச்சத்தப் போகப் போகத் தெரிஞ்சுக்கலாம்."

மறுநாள் சரோஜா போனில் பேசினார். மகனிடம் அவரும் இதே கேள்வியைக் கேட்டாராம். அத்தனை நாள் செய்த வேலையை ஒரு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன், அந்தப் பெண் முதலில் பார்த்தது என்னை இல்லை, இதை எப்படிச் சரி செய்யலாம் என்பதைத்தான் என்றானாம்.

யோசித்துப் பாருங்கள். நாமெல்லாம் ஒருவரை எப்போது தெரிந்துகொண்டோம்? எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டா? சேர்ந்து ஒரு பீரோவை மாடிப்படியில் ஏற்றியபோது. பஸ்ஸைத் தவறவிட்டபோது. பால் பொங்கி அடுப்பு அணைந்தபோது. பால்கனியில் எல்லோரும் நல்லவர்கள்தான். கையில் ஒரு கனமான பொருளைக் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

திருத்தணியில் இருக்கும் என் தங்கை நேற்று போன் செய்தாள். அடுத்த வாரம் அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். என்ன பலகாரம் செய்யலாம் என்று கேட்டாள். பேச்சுவாக்கில் சமையலறைக் குழாய் ஒரு வாரமாகச் சொட்டுகிறது, ஆள் தேட வேண்டும் என்றாள்.

பலகாரம் உன் இஷ்டம், பிளம்பரை மட்டும் கூப்பிட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.